ஒரே பொருள், நான்கு பெயர்கள்

புனேயிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "மாமா, எபிட்ரின்னா என்ன?"

அவளுடைய மருத்துவமனைக் குறிப்புகளில் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தபோது ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. மயக்க மருந்து டாக்டர் 6 மில்லிகிராம் எபிட்ரினை நரம்பு வழியாகச் செலுத்தினார். அவ்வளவுதான் குறிப்பு. படுக்கையில் பொழுது போகாமல் கிடந்தவள் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறாள். அவள் கண்ணில் முதலில் பட்டது, அழகுப் பொருள்களில் சேர்க்கக் கூடாதவை என்று ஐரோப்பா தடை செய்திருக்கும் பொருள்களின் பட்டியல்.

"முகத்துல பூசுற கிரீம்லயே கூடாதுன்னு தடை பண்ணினதை என் ரத்தத்துல ஏத்தியிருக்காங்க மாமா. நீங்க இந்த மாதிரி விஷயமெல்லாம் மொழிபெயர்க்கிறவர்தானே, சொல்லுங்க. இது பாதுகாப்பானதா, இல்லையா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள். காலையிலிருந்து குழந்தைக்குப் பால் கொடுக்கவில்லையாம். பயமாக இருக்கிறதாம்.

நான் படித்தது தமிழ். பிழைப்பு மொழிபெயர்ப்பு. மருந்து பற்றி என்னிடம் கேட்பது, சமையல் புத்தகம் அச்சடிப்பவரிடம் விருந்து கேட்பது போலத்தான். "ஊசி போட்ட அந்த டாக்டரையே கூப்பிட்டுக் கேளம்மா. நாளைக்கு இல்லை, இப்பவே கேள்" என்றேன். அவள் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எபிட்ரின் எனக்குப் புதிய பெயர் அல்ல. இருபது வருடங்களுக்கு மேலாக என் மேஜைக்கு அவ்வப்போது வந்துபோகும் பெயர். ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு தமிழ்ப் பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறேன். மருத்துவச் செய்தியில் மருந்து. விளையாட்டுப் பக்கத்தில் ஊக்கமருந்து. விளம்பரத்தில் மூலிகை. போலீஸ் செய்தியில் போதைப்பொருள். நான்கும் ஒரே மூலக்கூறு.

தமிழில் மருந்து என்ற சொல்லுக்கு வயிறு பெரிது. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலில் பூச்சியைக் கொல்வதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு 'வைத்துவிட்டார்கள்' என்று ஊர் பேசுவதும் மருந்துதான். ஆகவே 'இந்த மருந்து பாதுகாப்பானதா' என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம் என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

மருந்து

எபிட்ரா என்பது இலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும் ஒரு குட்டைப் புதர். பச்சைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி நட்டுவைத்தாற்போல இருக்கும். லடாக்கிலும் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிட்டியிலும் வறண்ட மலைச்சரிவுகளில் வளர்கிறது. பார்சிகள் தங்கள் வழிபாட்டில் இடித்துச் சாறெடுக்கும் 'ஹோம்' குச்சி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேதகால சோமம் இதுவாகவே இருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. சீனர்கள் இதன் உறவுச் செடியை 'மா ஹுவாங்' என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாக இருமலுக்கும் இரைப்புக்கும் காய்ச்சிக் குடித்துவந்தார்கள்.

1885ல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இந்தச் செடியிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். உலகம் அதைக் கவனிக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. 1924ல் பீகிங்கில் பணியாற்றிய கே.கே. சென், கார்ல் ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள், இது அட்ரினலினைப் போலவே வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அட்ரினலின் அப்போதே மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை விழுங்கினால் பயனில்லை, ஊசியாகத்தான் போட வேண்டும், அதன் வேகமும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எபிட்ரினோ மாத்திரையாக விழுங்கினாலும் வேலை செய்தது. மணிக்கணக்கில் நின்றது.

என்ன வேலை? நரம்பு முனைகளில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் நார் அட்ரினலின் என்ற ரசாயனத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தானும் நேரடியாகக் கொஞ்சம் தூண்டுகிறது. தெருவில் நாய் துரத்தினால் உடம்பு என்னவெல்லாம் செய்யுமோ, அதை நாய் இல்லாமலே செய்யவைக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. மூச்சுக் குழாய்கள் விரிகின்றன. பசி மந்தமாகிறது. தூக்கம் போகிறது. கை லேசாக நடுங்குகிறது. வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. அடிக்கடி கொடுத்தால் நரம்பின் கிடங்கு காலியாகி, அதே அளவு மருந்து முன்போல வேலை செய்யாது. அளவைக் கூட்டச் சொல்லும் மருந்து இது.

மூச்சுக் குழாய் விரிகிறதல்லவா, அதனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது. தியோபிலினும் எபிட்ரினும் சேர்ந்த மாத்திரைகள் பல நாடுகளில் பல்லாண்டுகள் விற்றன. எபிட்ரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் அதே மாத்திரைக்குள் தூக்கத்துக்காக பெனோபார்பிட்டோனையும் சேர்த்தார்கள். ஒரு கையால் தட்டி எழுப்பி மறுகையால் தாலாட்டும் வேலை. 1960களின் இறுதியில் சால்புட்டமால் வந்தது. அது இதயத்தை அவ்வளவாகச் சீண்டாமல் மூச்சுக் குழாயை மட்டும் கவனித்தது. அதன் பிறகு ஆஸ்துமா சிகிச்சையில் எபிட்ரின் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

அறுவை அரங்கில் மட்டும் அதன் இடம் போகவில்லை. முதுகில் மரப்பு ஊசி போட்டதும் உடலின் கீழ்ப்பாதியில் ரத்தக் குழாய்கள் தளர்ந்துபோகின்றன. அழுத்தம் இறங்குகிறது. தாய்க்குக் குமட்டல், கிறுகிறுப்பு. அழுத்தம் அப்படியே இறங்கிக் கிடந்தால் கருப்பைக்குப் போகும் ரத்தமும் குறையும். அந்த நேரத்துக்காகத்தான் எபிட்ரின் கையருகே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதும் பிரசவ அறுவையின்போது இப்படி இறங்கும் அழுத்தத்தை நிமிர்த்துவதற்காகவே.

இங்கும் அது கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. எபிட்ரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடமும் போகிறது, அதன் ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால், 2000க்குப் பிறகு பினைல்எபிரின் என்ற வேறொரு மருந்தை முதலில் எடுக்கும் வழக்கம் பரவியது. 2018ல் வெளியான சர்வதேச நிபுணர்களின் பரிந்துரையும் அதையே சொல்கிறது. ஆனால் தாயின் இதயத் துடிப்பும் சேர்ந்து குறையும்போது எபிட்ரினுக்கு இன்னும் வேலை இருக்கிறது. நல்ல மருத்துவம் ஒரு மருந்தைக் கொண்டாடுவதும் இல்லை, சபிப்பதும் இல்லை. அதன் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஊக்கமருந்து

1972, மியூனிக் ஒலிம்பிக். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் 16 வயது அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமான்ட், ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் வென்றான். பிறகு பரிசோதனையில் எபிட்ரின் தெரிந்தது. தங்கம் பறிபோனது. டிமான்ட் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா நோயாளி. அவன் சாப்பிட்ட மாத்திரையில் எபிட்ரின் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடுவதாகப் படிவத்தில் எழுதியும் கொடுத்திருந்தான். அது தடை செய்யப்பட்ட பொருள் என்பதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் அணியின் மருத்துவர்கள். அவர்கள் கவனிக்கவில்லை. 2001ல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தவறு தன் பக்கம் என்று ஒப்புக்கொண்டது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

1994 உலகக் கோப்பைக் கால்பந்து அமெரிக்காவில் நடந்தது. ஜூன் 25ல் நைஜீரியாவுடன் ஆடி முடித்த மரடோனாவை ஒரு நர்ஸ் கைபிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. எபிட்ரினும் அதன் உறவுப் பொருள்களும் அவர் சிறுநீரில் இருந்தன. 15 மாதத் தடை. தான் வழக்கமாகச் சாப்பிடும் சத்துப்பொருள் தீர்ந்துபோகவே, அமெரிக்கக் கடையில் அதே பெயரில் வாங்கியதில் இது கலந்திருந்தது என்பது மரடோனாவின் விளக்கம். அவரை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் டப்பாவில் எபிட்ரின் இருந்தது என்பது மட்டும் கற்பனை அல்ல.

இந்த இரண்டு செய்திகளிலும் எனக்குச் சுலபமாகக் கிடைத்த சொல் 'ஊக்கமருந்து'. சிறுவன் மூச்சு விடுவதற்காகச் சாப்பிட்டதும் ஊக்கமருந்து, உலகப் புகழ் பெற்ற வீரரின் உடம்பில் கிடைத்ததும் ஊக்கமருந்து. சொல் ஒன்றாகிவிட்டால் குற்றமும் ஒன்றாகிவிடுகிறது.

மூலிகை

மரடோனா அகப்பட்ட அதே 1994ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மூலிகை, விட்டமின் வகையறாக்களைச் 'சத்துச் சேர்க்கை' என்ற தலைப்பில் விற்றால், அவை பாதுகாப்பானவை என்று முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்தானவை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். மா ஹுவாங் அந்த வாசல் வழியாக நுழைந்தது. இளைக்க ஒரு குளிகை, உற்சாகத்துக்கு ஒரு குளிகை. பெரும்பாலும் காபியின் காஃபீனும் கூடவே.

இங்கே நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும். 2002 வாக்கில், தமிழ் எம்.ஏ. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு சொல்லுக்கு 30 காசு என்று மொழிபெயர்ப்பு வேலை. அதில் ஒன்று, வெளிநாட்டு இளைப்புக் குளிகைக்கான துண்டுப் பிரசுரம். ஆங்கிலத்தில் மா ஹுவாங் என்று இருந்தது. என்னிடம் இருந்த எந்த அகராதியிலும் அது இல்லை. 'சீன நாட்டின் அரிய மூலிகை' என்று எழுதினேன். 'முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவுகள் அற்றது' என்று அடுத்த வரி. காதுக்கு இனிமையாக இருந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பிரசுரத்தின் ஒரு பிரதியைக் கீழ் வீட்டு அம்மாவிடம் காட்டினேன்.

அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. எனக்கு அது தெரியாது. குளிகையை வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பத்து நாள் தூக்கமில்லை. ஒரு விடியற்காலையில் நெஞ்சு படபடக்கிறது என்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார், தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். நல்ல வேளை, அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்தபின் அந்த அம்மா சொன்ன வார்த்தைதான் இன்றுவரை நெருடுகிறது: "தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்த டாக்டருக்குத் தெரிந்தது அமெரிக்காவுக்கும் அப்போது தெரியத் தொடங்கியிருந்தது. உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த 140 புகார்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2000ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அவற்றில் 31 சதவீதம் எபிட்ரா காரணமாகவே, அல்லது அநேகமாக அதனால் நேர்ந்தவை. இன்னொரு 31 சதவீதம் அதனால் இருக்கக்கூடும். இப்படித் தொடர்புபடுத்தப்பட்டவற்றில் 10 மரணங்கள், 13 நிரந்தர ஊனங்கள். ரத்த அழுத்தம், படபடப்பு, பக்கவாதம், வலிப்பு என்று நீண்டது பட்டியல். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் 20 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். பாதித் தயாரிப்புகளில், லேபிளில் போட்டிருந்த அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் 20 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம். ஒன்றில் சரக்கே இல்லை. ஒரு விற்பனை நிறுவனம் தனக்கு வந்திருந்த 13,000க்கும் மேற்பட்ட புகார்களை 2002ல்தான் அரசிடம் ஒப்படைத்தது.

2003 பிப்ரவரி 17ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் ஸ்டீவ் பெக்லர் இறந்தார். வயது 23. உடல் எடையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி, புளோரிடா வெயிலில் பயிற்சி, உடம்பில் எபிட்ரா. அவர் உடல் வெப்பம் 108 டிகிரி பாரன்ஹீட்வரை ஏறியிருந்தது. வெப்பத் தாக்கத்தால் நேர்ந்த மரணம், எபிட்ராவுக்கும் அதில் பங்குண்டு என்றார் பிரேதப் பரிசோதனை அதிகாரி. அந்த ஆண்டு வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று இரு பக்கக் கணக்கையும் போட்டுக் காட்டியது. லாபம்: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாக எடை குறையும். அதுவும் குறுகிய காலத்துக்கு. நஷ்டம்: படபடப்பும் மனக் கலக்கமும் வாந்தி போன்ற வயிற்றுக் கோளாறுகளும் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

2004 ஏப்ரலில் எபிட்ரா கலந்த சத்துச் சேர்க்கைகளுக்குத் தடை அமலுக்கு வந்தது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. ஆனால் வியாபாரம் சும்மா இருக்குமா? பல பத்தாண்டுகளுக்கு முன் மூக்கடைப்புக்கு விற்று, பிறகு கைவிடப்பட்ட டி.எம்.ஏ.ஏ. என்ற மருந்தைத் தூசி தட்டி எடுத்து 'ஜெரேனியம் சாறு' என்று பெயர் சூட்டினார்கள். சிப்பாய்கள் இருவர் இறந்த பிறகு 2011ல் அமெரிக்க ராணுவ முகாம்களின் கடைகளிலிருந்து அது அகற்றப்பட்டது. மீண்டும் ஒரு செடியின் பெயர். மீண்டும் 'இயற்கை'.

நாம் சிரிப்பதற்கில்லை. எபிட்ரினின் இன்னொரு உறவான பினைல் புரொபனாலமின், பெண்களிடம் மூளை ரத்தக் கசிவுக்குக் காரணமாகிறது என்று கண்டு 2000ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியாவில் தடை அறிவிக்கை வெளியானது 2011 பிப்ரவரியில். இடைப்பட்ட பத்தாண்டுகளும் அது நம் சளி மாத்திரைகளில் இருந்தது.

போதைப்பொருள்

2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தாணே போலீசார் 18 டன்னுக்கும் அதிகமான எபிட்ரினைக் கைப்பற்றினார்கள். செய்தித்தாள்கள் 'போதைப்பொருள்' என்று எழுதின. அது முழு உண்மை அல்ல. எபிட்ரினிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு போனால் கிடைப்பது மெத்தாம்பிட்டமின். எபிட்ரினைக் கண்டெடுத்த அதே நாகாய், 1893ல் அதையும் செய்து பார்த்துவிட்டார். ஆகவே எபிட்ரின் போதைப்பொருளுக்கு மூலப்பொருள். 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இதைக் கண்காணிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. இந்தியாவில் 2013ல் வந்த கட்டுப்பாட்டு ஆணை அதைத் தயாரிப்பவரும் விற்பவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. இந்தக் காவலுக்கும் எபிட்ரினைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நேரடித் தொடர்பில்லை. யார் கைக்குப் போய் என்னவாக மாறும் என்பதுதான் இங்கே கவலை.

கிரீமில் ஏன் கூடாது?

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின் இரண்டாம் பின்னிணைப்பில் 1,600க்கும் மேற்பட்ட தடைகள் உள்ளன. இதற்கு முன்னோடியான பட்டியல் 1976லேயே வந்தது. எபிட்ரினும் அதன் உப்புகளும் அதில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று பார்த்தால், ஆர்செனிக், எட்டியிலிருந்து எடுக்கும் ஸ்டிரிக்னின், நிகோடின் இருக்கிறார்கள். இதுவரை அவள் பயந்தது சரிதான். அதே பட்டியலில் உயிர் காக்கும் அட்ரினலின் இருக்கிறது. கண் டாக்டர்கள் சொட்டாகப் போடும் அட்ரோபின் இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன. வெயிலில் நின்றால் நம் தோலே தயாரித்துக்கொள்ளும் வைட்டமின் டிகூட இருக்கிறது!

அப்படியானால் அது நச்சுப் பட்டியல் மட்டுமல்ல. பெரும் பகுதி, 'இது மருந்து, ஒப்பனை மேஜையில் இதற்கு வேலையில்லை' என்று சொல்லும் பட்டியல். யோசித்துப் பாருங்கள். கிரீமை எவ்வளவு பூசுவது என்று யாரும் அளப்பதில்லை. ஒருத்தி பட்டாணி அளவு எடுப்பாள், இன்னொருத்தி உள்ளங்கை நிறைய. ஒருவர் மாதம் ஒருமுறை, ஒருவர் தினம் மூன்று வேளை, வருடக்கணக்கில். ரத்த அழுத்தக்காரரும் பூசுவார், கர்ப்பிணியும் பூசுவாள், அம்மாவின் டப்பாவை எடுத்து ஐந்து வயதுக் குழந்தையும் பூசிக்கொள்ளும். மருந்துச் சீட்டு கிடையாது. பி.பி. பார்ப்பவர் கிடையாது. எபிட்ரினை மருந்துக் கடையில் விற்க அனுமதித்தபோது அமெரிக்கா வைத்த கணக்கு, வேளைக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம், நாளைக்கு 150க்கு மேல் கூடாது என்பது. கிரீம் டப்பாவில் இந்த வாக்கியத்தை எங்கே எழுதுவது? எழுதினாலும் யார் படிப்பார்கள்?

நம் நாட்டில் மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் 1940ஆம் ஆண்டின் ஒரே சட்டம்தான் என்றாலும், இரண்டுக்கும் இலக்கணம் வேறு. பூசி, தெளித்து, தேய்த்து, சுத்தமும் அழகும் தருவது அழகுப் பொருள். உடம்பின் வேலையையே மாற்றுவது மருந்து. இந்த வேலி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். தோல் நோய்க்கான ஸ்டீராய்டு களிம்புகளைச் 'சிவப்பழகு' கிரீமாகப் பூசி, தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, டாக்டரிடம் போன முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018ல்தான் இத்தகைய 14 களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. அந்த ஸ்டீராய்டுகளும் நல்ல மருந்துகளே. இடம் மாறியதுதான் கேடு.

ஆகவே ஒரு பொருளைப் பார்த்துப் 'பாதுகாப்பானதா' என்று மட்டும் கேட்டால் கேள்வி பாதியில் நிற்கிறது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் பார்த்துக்கொண்டிருக்க என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திருக்குறளில் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதில் எந்த மருந்தின் பெயரும் கிடையாது. அளவைப் பற்றி நிறையப் பேசிவிட்டு, கடைசிக் குறளில் வள்ளுவர் நான்கைச் சேர்த்து நிறுத்துகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். எம்.ஏ. வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது. 2002ல் அந்தத் துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

இந்த நான்கு கேள்விகள் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் பொருந்தும். எபிட்ரினின் சொந்தக்காரர்களான சூடோ எபிட்ரினும் பினைல்எபிரினும் சளி மருந்துகளில் இருப்பவை. ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகை, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களும், மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்களும் கடைக்காரர் தரும் சளி மாத்திரையை வாங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. குளோர்பெனிரமினும் பினைல்எபிரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. இளைக்கவும் உற்சாகத்துக்கும் வரும் டப்பாக்களில் உள்ளடக்கமும் அளவும் தெளிவாக இல்லையென்றால் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

புனே டாக்டர் என்ன சொன்னார்? அக்கா மகள் மாலையில் மறுபடி கூப்பிட்டாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் நிதானமாகச் சொன்னாராம்: "உன் பி.பி. இறங்கினா உன் குழந்தைக்குப் போற ரத்தமும் குறையும். அதுக்காகத்தான் கொடுத்தேன். கொடுத்துட்டு ஒவ்வொரு நிமிஷமும் மானிட்டரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அது கொஞ்ச நேர வேலை. முதல் நாளே பெரும்பகுதி சிறுநீர்ல போயிருக்கும். நீ தாராளமா பால் கொடு."

போனில் குழந்தை சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

கீழ் வீட்டு அம்மா நான் எழுதியதை நம்பி ஆபத்தில் மாட்டினார்கள். இவள் எங்கோ படித்ததை நம்பி ஒரு நாள் குழந்தையைப் பட்டினி போடப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒற்றைச் சொல். அங்கே 'இயற்கை', இங்கே 'தடை'. சொல்லை எழுதி அனுப்பும் தொழில் செய்கிறவனுக்கு இது லேசான விஷயம் அல்ல.

இப்போதும் 'பக்க விளைவு அற்றது' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் மேஜைக்கு வருவதுண்டு. மொழிபெயர்க்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதுகிறேன்: யாருக்கு, எவ்வளவு என்று சொன்னால் அதையும் சேர்த்து எழுதித் தருகிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுகிறார் போலிருக்கிறது.